எத்தனை நாளாக, எதற்குள், எதுவரை? ஆங்கிலத்தில் கால அளவு சொல்வது பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மாலை நேரங்களில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கானாடுகாத்தான் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிறவர், ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருப்பவர், சிங்கப்பூர் வேலைக்கு இன்டர்வியூ எதிர்பார்த்திருக்கும் நர்ஸ், வெளிநாட்டுப் பேரன் பெண்டாட்டியோடு போனில் பேச வேண்டியிருக்கும் ஆச்சி என்று கலவையான கூட்டம். யாராக இருந்தாலும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்விகளுக்கு வந்து நிற்பார்கள். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், வாய்விட்டுப் படிக்க அதுதான் வசதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார், சின்ஸ், இன், பை, அன்டில் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தமிழில் சொல்லும்போது காலச் சொல்லின் வாலில் நீங்கள் என்ன ஒட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். நாளாக, நாளில், நாளைக்கு, நாளுக்குள், நாள்வரை. பெரும்பாலும் அந்த வாலே பதிலைச் சொல்லிவிடும். சொல்லாத இடங்களும் சில உண்டு. நம் ஆட்கள் வழுக்குவது அங்கேதான், அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பேசியிருக்கிறேன்.

கே: ஃபார், சின்ஸ் இரண்டில் எது எங்கே வரும்?

அளவு சொன்னால் ஃபார். தொடங்கிய இடத்தைச் சொன்னால் சின்ஸ். பத்து வருஷம், மூன்று நாள், அரை மணி நேரம் எல்லாம் அளவு. 2014, திங்கட்கிழமை, போன தீபாவளி, கல்யாணமான நாள் எல்லாம் தொடங்கிய இடம். பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரி ஃபார் நீளத்தை அளந்து கொடுக்கும். சின்ஸ் அளக்காது, ஆரம்பம் எது என்று மட்டும் காட்டும்.

"ஐ ஹேவ் லிவ்ட் இன் காரைக்குடி ஃபார் டென் இயர்ஸ்." பத்து வருஷமாகக் காரைக்குடியில் இருக்கிறேன்.

"ஐ ஹேவ் லிவ்ட் இன் காரைக்குடி சின்ஸ் 2014." 2014-லிருந்து காரைக்குடியில் இருக்கிறேன்.

வாலைப் பாருங்கள். 'ஆக' வந்தால் ஃபார். 'இலிருந்து', 'முதல்' வந்தால் சின்ஸ். தமிழே இரண்டையும் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று ஊர் முழுக்கக் கேட்கிறது. காரணம், 'சின்ஸ் என்றால் இன்றுவரை தொடர்வது' என்று பாதிப் பாடத்தை மட்டும் படித்துவிட்டு வருகிறோம். இன்றுவரை தொடர்கிறது என்று சொல்வது 'ஹேவ் லிவ்ட்' என்ற வினையின் வேலை. சின்ஸுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "மூன்று மணியிலிருந்து காத்திருக்கிறேன்" என்றால் சின்ஸ் த்ரீ ஓ'க்ளாக். "மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறேன்" என்றால் ஃபார் த்ரீ அவர்ஸ். இரண்டிலும் மூன்றுதான். மணி என்பது கடிகாரத்தில் ஒரு இடம், மணி நேரம் என்பது அளவு.

வழிகாட்டி வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வாக்கியம். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது 2014-இல். "செட்டிநாட் ஹேஸ் பீன் ஆன் தி யுனெஸ்கோ டென்டேட்டிவ் லிஸ்ட் சின்ஸ் 2014." வருஷம் ஞாபகம் வரவில்லை என்றால் "ஃபார் மெனி இயர்ஸ்" என்று தப்பித்துக்கொள்ளலாம். "சின்ஸ் மெனி இயர்ஸ்" வேண்டாம்.

கே: எங்கள் வீட்டில் தங்க வரும் பிரெஞ்சுக்காரர்களே "சின்ஸ் த்ரீ டேஸ்" என்கிறார்களே?

அவர்களுக்கும் ஆங்கிலம் படித்து வந்த மொழிதான். பிரெஞ்சில் 'டெப்வீ' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஜெர்மன்காரர்களின் 'ஸைட்' கூட அப்படித்தான். அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார்கள். தோல் வெள்ளையாக இருந்தால் இலக்கணம் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கே: "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" என்று சொன்னால் என்ன குறை?

சின்ஸ் சரி, வினை சரியில்லை. தமிழில் "2019-லிருந்து வேலை பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் முடிக்கிறோம். ஆங்கிலம் அந்த இடத்தில் ஹேவ் கேட்கும்: "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019." அன்றைக்குத் தொடங்கியதையும் இன்றைக்கு இருப்பதையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அதுதான்.

இது வெறும் அழகு விஷயம் இல்லை. நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்று சொன்னால், வேலையை விட்டுவிட்டீர்கள் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஏன் விட்டீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். "ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ்" என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஃபார் இரண்டு பக்கமும் ஒட்டும் என்பது இதிலிருந்து தெரியும். 'நான்கு வருஷம் பார்த்தேன்' என்று வாலில்லாமல் வந்தால் முடிந்த கதை, ஒர்க்ட். 'நான்கு வருஷமாகப் பார்க்கிறேன்' என்றால் முடியாத கதை, ஹேவ் ஒர்க்ட். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித்தொழிலுக்குப் போன ஏஜென்டுகள் பொதுவாக மூன்று வருஷத் தவணையில் போவார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்கும் பையனாகச் சேர்ந்து, ஏஜென்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளாக உயர்ந்தவர் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அதைச் சொல்லும்போது: "ஹி ஒர்க்ட் இன் ரங்கூன் ஃபார் த்ரீ இயர்ஸ்." முடிந்துபோன கதை, அதனால் ஹேவ் வேண்டாம். "ஜப்பான்காரன் வந்தபோது அவர் அங்கே போய் இரண்டு வருஷமாகியிருந்தது" என்றால், பழைய கதைக்குள் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அதற்கு ஹேட்: "ஹி ஹேட் பீன் இன் ரங்கூன் ஃபார் டூ இயர்ஸ் வென் தி ஜாப்பனீஸ் கேம்."

கே: நாளையிலிருந்து வருகிறேன் என்பதற்கு "சின்ஸ் டுமாரோ" என்று சொல்லலாமா?

கூடாது. சின்ஸ் பின்னால் மட்டும்தான் பார்க்கும். முன்னால் பார்க்க ஃப்ரம்: "ஐ வில் கம் ஃப்ரம் டுமாரோ." இலிருந்து என்ற வால் இரண்டு பக்கமும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

கே: விருந்தாளி "ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்" என்றார். வந்து மூன்று நாளாகிறதா, மூன்று நாள் இருப்பாரா?

மூன்று நாள் இருப்பார். வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒன்றையாவது காதில் போட்டுக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக் கணக்கே இதில்தான் இருக்கிறது.

"ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாளைக்கு வந்திருக்கிறேன். "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாளாக இங்கே இருக்கிறேன், எப்போது கிளம்புவேன் என்று சொல்லவில்லை. தமிழில் 'நாளைக்கு', 'நாளாக' என்று வால் மாறுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஃபார்தான், ஆம் என்பது ஹேவ் பீன் என்று மாறுகிறது. அந்த 'பீன்' வாய்க்குள்ளேயே போய்விடும், வேகமாகப் பேசுகிறவர்களிடம் கேட்கவே கேட்காது. சந்தேகமாக இருந்தால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு? "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?"
எத்தனை நாளாக? "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?"

மகன் இரண்டு வருஷத்துக்கு சிங்கப்பூர் போயிருக்கிறான் என்பதும் முதல் வகைதான்: "ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர் ஃபார் டூ இயர்ஸ்." போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. இரண்டு வருஷம் என்பது திட்டம்.

கே: "சின்ஸ் ஹவ் லாங்" என்று கேட்கலாமா?

வெறும் "ஹவ் லாங்" போதும். சின்ஸை முன்னால் ஒட்டுவது நம் ஊர்ப் பழக்கம். "சின்ஸ் வென்" என்பது இலக்கணப்படி சரி, ஆனால் குரலைப் பொறுத்து அதில் ஒரு குத்தல் வந்துவிடும். "இது எப்போதிலிருந்து?" என்று நக்கலாகக் கேட்போமே, அப்படி. விருந்தாளியிடம் அதைத் தவிர்ப்பது நல்லது.

கே: "ஐ கேம் பிஃபோர் டூ இயர்ஸ்" ஏன் தப்பு?

வால் சொல்லிக்கொடுத்தே கெடுக்கும் இடம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்கிறோம். முன்னால் என்றால் பிஃபோர் என்று அகராதி சொல்கிறது. அதனால் பிஃபோர் டூ இயர்ஸ். தர்க்கம் சரிதான், ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது.

இன்றிலிருந்து பின்னால் எண்ணுவதற்கு ஆங்கிலத்தில் அகோ. அது அளவுக்குப் பின்னால் வரும், நம் தமிழ் வால் மாதிரியே: "ஐ கேம் டூ இயர்ஸ் அகோ." பிஃபோர் ஒரு சம்பவத்தையோ தேதியையோ பிடித்துக்கொள்ளும்: பிஃபோர் தீபாவளி, பிஃபோர் தி வெட்டிங், பிஃபோர் சிக்ஸ் ஓ'க்ளாக். அளவைப் பிடிக்க வேண்டுமென்றால் அளவு முன்னால் வந்து சம்பவம் பின்னால் வரும்: "டூ டேஸ் பிஃபோர் தி வெட்டிங்." கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். இங்கே தமிழும் ஆங்கிலமும் நன்றாகவே ஒத்துப்போகின்றன.

அகோ வந்தால் வினை சாதாரண இறந்தகாலம். "ஐ ஹேவ் கம் டூ இயர்ஸ் அகோ" என்று ஹேவ் சேர்க்க வேண்டாம். பழம்பொருள் கடைக்காரர்களுக்கு: "திஸ் பாக்ஸ் கேம் ஃப்ரம் பர்மா எய்ட்டி இயர்ஸ் அகோ." அந்த எய்ட்டி, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து ஹண்ட்ரட் ஆவதும் உண்டு. அதற்கு இலக்கணத்தில் பரிகாரம் இல்லை.

கே: "இன் டூ அவர்ஸ்", "ஃபார் டூ அவர்ஸ்" இரண்டும் இரண்டு மணி நேரம்தானே?

நேரம் ஒன்றுதான், சேதி வேறு. இன் போட்டால் வேலை முடிந்தது. ஃபார் போட்டால் வேலை நடந்தது, முடிந்ததா என்று சொல்லவில்லை.

"ஐ ரெட் தி புக் ஃபார் டூ அவர்ஸ்." இரண்டு மணி நேரம் படித்தேன். பாதிப் புத்தகம்தான் போயிருக்கும்.
"ஐ ரெட் தி புக் இன் டூ அவர்ஸ்." இரண்டு மணி நேரத்தில் படித்து முடித்தேன்.

தமிழில் 'நேரத்தில்' என்று சொன்னவுடன் 'முடித்தேன்', 'முடித்துவிட்டேன்' என்று வாய் தானாகப் போகும். 'இல்' என்ற வாலுக்கு இன், வாலில்லாத அளவுக்கு ஃபார். 1957-இல் செனோ வெண்ட்லர் என்ற தத்துவவாதி வினைச்சொற்களை இது மாதிரிச் சோதனைகளை வைத்துத்தான் வகை பிரித்தார். ஒரு முடிவை நோக்கிப் போகும் வினை எது, முடிவே இல்லாமல் ஓடும் வினை எது என்று இன்னைக் கேட்டாலும் ஃபாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும். தூங்கு, காத்திரு, வசி போன்றவற்றுக்கு முடிக்கும் புள்ளி கிடையாது. அதனால் "ஐ வெய்ட்டட் இன் டூ அவர்ஸ்" என்பது அபத்தம்.

சுவாரசியம் என்னவென்றால், வினை அதேதான், எண்ணிக்கை வந்தவுடன் சொல் மாறிவிடும். அடுப்படியில் ஆச்சி பணியாரம் ஊற்றுகிறார்கள். "ஷி மேட் பணியாரம்ஸ் ஃபார் ஹாஃப் அன் அவர்." அரை மணி நேரம் ஊற்றினார்கள், எத்தனை என்று கணக்கில்லை, இன்னும் மாவு இருக்கலாம். "ஷி மேட் ஃபார்ட்டி பணியாரம்ஸ் இன் ஹாஃப் அன் அவர்." நாற்பது என்று சொன்னதும் ஒரு முடிவு வந்துவிட்டது, அதனால் இன். இந்த ஒரு ஜோடி பிடிபட்டால் இந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் தீர்ந்தது.

ஆத்தங்குடிப் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பதும் இதைத்தான். கண்ணாடிச் சதுரத்தின் மேல் டிசைன் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமென்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். ஒரு கல் உருவாகிவிட்டது. "ஹி மேட் தி டைல் இன் அ ஃப்யூ மினிட்ஸ்." அதற்கப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறுவது முடிகிற காரியம் இல்லை, நடந்துகொண்டிருக்கும் காரியம்: "வி கீப் தி டைல்ஸ் இன் வாட்டர் ஃபார் டூ டேஸ்." இரண்டு என்பது உதாரணத்துக்கு, பட்டறைக்குப் பட்டறை மாறும், உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் டேக் வரும். டேக்குக்குப் பின்னால் எதுவும் வேண்டாம்: "இட் டேக்ஸ் டூ டேஸ்." "இட் டேக்ஸ் ஃபார் டூ டேஸ்" இல்லை.

கே: "இன் டென் மினிட்ஸ்", "விதின் டென் மினிட்ஸ்", "ஆஃப்டர் டென் மினிட்ஸ்" எதைச் சொல்வது?

போனில் "பத்து நிமிஷத்தில் வருகிறேன்" என்பதற்கு இன். பத்தாவது நிமிஷத்தை ஒட்டி வருவேன் என்று அர்த்தம். விதின் என்றால் பத்தைத் தாண்ட மாட்டேன், இரண்டாவது நிமிஷத்திலேயே வந்தாலும் வருவேன். வாக்குக் கொடுக்கும்போது விதின் கொஞ்சம் கனமான சொல், யோசித்துப் போடுங்கள்.

"பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன்" என்பதை "ஐ வில் கால் ஆஃப்டர் டென் மினிட்ஸ்" என்று மாற்றுவது நம் வழக்கம். புரியும், ஆனால் பேசும் இந்த நிமிஷத்திலிருந்து முன்னால் எண்ணினால் வெளிநாட்டுக்காரர் இன்தான் சொல்வார். ஆஃப்டர் ஒரு வேலைக்குப் பிறகு அடுத்த வேலை வரும் இடத்தில் உட்காரும். சமையல் சொல்லிக்கொடுக்கும்போது: "ஆஃப்டர் டென் மினிட்ஸ், ஆட் தி மசாலா." நடந்த கதையில் என்றால் "டென் மினிட்ஸ் லேட்டர்".

கே: "பை ஃப்ரைடே", "அன்டில் ஃப்ரைடே" குழப்புகிறது.

க்குள், வரை. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்: "ஐ வில் சென்ட் தி சாரி பை ஃப்ரைடே." வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும்: "தி ஷாப் வில் பி ஓப்பன் அன்டில் ஃப்ரைடே." முன்னது ஒருமுறை நடந்து முடியும், கெடு மட்டும் வெள்ளி. பின்னது வெள்ளிவரை நீண்டுகொண்டே இருக்கும். "ஐ வில் சென்ட் தி சாரி அன்டில் ஃப்ரைடே" என்று கண்டாங்கிச் சேலைக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு எழுதினால், வெள்ளிவரை தினமும் ஒரு சேலை வரும் என்று அவர் சந்தோஷப்படக்கூடும்.

அனுப்பு, கொடு, முடி, வந்து சேர் போன்றவற்றுக்கு பை. இரு, காத்திரு, திறந்திரு, தங்கு போன்றவற்றுக்கு அன்டில். ரங்கூனை ஜப்பான்காரர்கள் பிடித்தது 1942 மார்ச்சில். அதுவரை அங்கே இருந்த குடும்பம் என்றால் "தே ஸ்டேய்ட் இன் ரங்கூன் அன்டில் 1942." அதற்கு முன்பே கரை சேர்ந்தவர்கள் என்றால் "தே கேம் ஹோம் பை 1942."

மறுப்பு வந்தால் பை போட்ட வினைக்கும் அன்டில் வந்துவிடும். "ஐ வோன்ட் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிவரை அனுப்ப மாட்டேன், வெள்ளியன்று அனுப்புவேன். அனுப்பாமல் இருப்பது நீளுகிறது, அதனால் அன்டில். இன்னொன்று, "அவர் வராதவரை கிளம்ப மாட்டேன்" என்று தமிழில் எதிர்மறையை இரண்டு தரம் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஒன்று போதும்: "ஐ வோன்ட் லீவ் அன்டில் ஹி கம்ஸ்." "அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதினால் ஆங்கிலக்காரருக்குத் தலை சுற்றும்.

க்குள் என்ற வால் ஒரு இடத்தில் கைவிடும். ஐந்து மணிக்குள், ஐந்து மணி நேரத்துக்குள் இரண்டுக்கும் நமக்கு ஒரே வால். ஆங்கிலத்தில் பிரியும். கடிகாரத்தில் ஒரு இடம் என்றால் பை ஃபைவ் ஓ'க்ளாக். அளவு என்றால் விதின் ஃபைவ் அவர்ஸ். "விதின் ஃப்ரைடே", "விதின் ஃபைவ் ஓ'க்ளாக்" என்று கடைகளில் எழுதிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். ஃபாரையும் சின்ஸையும் பிரித்த அதே கேள்வியை இங்கேயும் கேட்டால் போதும்: அளவா, இடமா?

டில், அன்டில் இரண்டும் ஒன்றுதான். அன்டிலைச் சுருக்கித்தான் டில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டில்தான் பழைய சொல். எழுதும்போது டில்லுக்கு இரண்டு எல், அன்டிலுக்கு ஒரு எல்.

கே: டியூரிங் எங்கே வரும்?

பெயர் சொன்னால் டியூரிங், எண்ணிச் சொன்னால் ஃபார். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி விழா பத்து நாள் நடக்கும். "தி ஃபெஸ்டிவல் கோஸ் ஆன் ஃபார் டென் டேஸ்." அந்தச் சமயத்தில் கூட்டம் தாங்காது: "டியூரிங் தி ஃபெஸ்டிவல், தி டவுன் இஸ் வெரி கிரவுடட்." "டியூரிங் டென் டேஸ்" என்று சொல்லக்கூடாது.

போது என்ற வால் வினைக்கும் ஒட்டும், பெயருக்கும் ஒட்டும். விழாவின்போது என்றால் டியூரிங். நடந்துகொண்டிருக்கும்போது என்றால் வைல். தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நகரத்தார் காவடியோடு நடந்து போகிறார்கள். "டியூரிங் தி வாக், வி ஸ்லெப்ட் வெரி லிட்டில்." "வைல் வி வேர் வாக்கிங், இட் ரெய்ன்ட்."

டியூரிங் என்றால் முழு நேரமும் என்று அர்த்தமில்லை, நடுவில் ஏதோ ஒரு சமயம் என்றும் இருக்கலாம். முழுக்க என்று அழுத்த வேண்டுமென்றால் த்ரூஅவுட். எண்ணிச் சொல்லும் ஃபாருக்கு இன்னொரு உதாரணம். திருக்கார்த்திகையிலிருந்து எண்ணி இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு வருகிறது, இருபத்தொரு இழையில் திரி போட்டு இழை எடுத்துக்கொள்வார்கள், அதாவது அந்தத் திரியை மாவோடு விழுங்குவார்கள். வெளிநாட்டு மருமகளுக்கு இதை விளக்கும்போது "வி கவுன்ட் ஃபார் ட்வென்டி ஒன் டேஸ்" என்றால் அளவு போய்ச் சேர்ந்தது. ஏன் திரியை மாவோடு விழுங்குகிறோம் என்று அவள் கேட்டால், அது ஆச்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கே: ஃபாரை விட்டுவிட்டால் தப்பா?

பல இடத்தில் விடலாம். "வி ஸ்டேய்ட் த்ரீ டேஸ்", "ஐ வெய்ட்டட் டூ அவர்ஸ்" சாதாரணம். ஆல் டே, ஆல் நைட் இவற்றுக்கு முன்னால் போடுவதே இல்லை. மறுப்பு வந்தால் விடக்கூடாது: "ஐ ஹேவ்ன்ட் சீன் ஹிம் ஃபார் டூ இயர்ஸ்." அமெரிக்காவில் இருக்கும் பேரன் இதையே "இன் டூ இயர்ஸ்" என்பான். அவன் சொல்வதும் சரிதான், மறுப்பு வாக்கியத்தில் மட்டும் அமெரிக்கர்கள் அப்படிச் சொல்வார்கள்.

கே: "ஓவர் தி பாஸ்ட் டென் இயர்ஸ்" என்கிறார்களே, அது என்ன?

கடந்த பத்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த மாற்றத்துக்கு ஓவர். "ஓவர் தி பாஸ்ட் டென் இயர்ஸ், மெனி ஓல்ட் ஹவுசஸ் ஹேவ் பிகம் ஹோட்டல்ஸ்." மாற்றம் இல்லாமல் ஒரே நிலையில் இருந்தால் ஃபார் தி பாஸ்ட் டென் இயர்ஸ். "சின்ஸ் தி பாஸ்ட் டென் இயர்ஸ்" மட்டும் வேண்டாம்.

கே: "செவன் அவர்ஸ் ஜர்னி"யா, "செவன் அவர் ஜர்னி"யா?

எஸ் இல்லாமல், செவன் அவர் ஜர்னி. பல்லவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் காரைக்குடியில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவு ஆகும். பெயருக்கு முன்னால் வந்தால் அவர், தனியாக வந்தால் அவர்ஸ்: "இட் டேக்ஸ் செவன் அவர்ஸ்."

கே: லீவு லெட்டரில் "ஃப்ரம் 14 டு 16" என்று எழுதினால் மூன்று நாளா, இரண்டு நாளா?

நம் ஊர் ஆபீசில் மூன்று நாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு முதலாளிக்கு எழுதும்போது அந்த 16 உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வரலாம். அமெரிக்கர்கள் இதற்காகவே "14 த்ரூ 16" என்பார்கள், அதில் 16-உம் சேர்ந்துவிடும். இந்தியக் கடிதங்களில் "போத் டேஸ் இன்க்ளூசிவ்" என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது, கொஞ்சம் தாசில்தார் ஆபீஸ் வாடை அடித்தாலும் தெளிவாக இருக்கும். "ஐ வில் பி அவே அன்டில் 16" என்று மட்டும் எழுதாதீர்கள், 16-ஆம் தேதி வேலைக்கு வருகிறீர்களா என்பது அவரவர் யூகத்துக்குப் போய்விடும். பொங்கலுக்கு நான் எழுதச் சொல்வது இப்படி: "ஐ நீட் லீவ் ஃபார் த்ரீ டேஸ், ஃப்ரம் 14 டு 16 ஜனவரி. ஐ வில் பி பேக் ஆன் தி செவன்டீன்த்." அளவும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது, திரும்பும் நாளும் இருக்கிறது.